ராஜவேல் சிரிப்புக் காட்டாத வெள்ளிக்கிழமை

அமுதவல்லி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டது 2005 ஏப்ரல் 11, திங்கட்கிழமை. முந்தைய டிசம்பரில் கடல் உள்ளே வந்து உப்புப் பாத்திகளில் சேற்றைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. மூன்று மாதம் யாருக்கும் ஒழுங்கான வேலை இல்லை. அவள் போட்ட ஒப்பந்தம் இரண்டு வருஷம். கணவன் ராஜவேலுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. மகள் இலக்கியாவுக்குப் பன்னிரண்டு வருஷம் பத்து மாதம். வேறு பிள்ளை இல்லை.

ராஜவேல் அதிகாலை ஐந்து மணிக்குப் பாத்தியில் இறங்குவான். ஏழரைக்கு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வருவான். பன்னிரண்டு நிமிஷ வழி. மகளுக்குச் சோறு கட்டி, ரெட்டை ஜடை பின்னி, ரிப்பன் மடித்துக் கட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பவும் வந்து உப்பு வாரும் பலகையைப் பிடிப்பான். விட்ட நேரத்துக்கு ஈடாக, மற்றவர்கள் பத்தரைக்குக் கரையேறும்போது அவன் மட்டும் பன்னிரண்டு வரை நிற்பான். அந்த உப்பளத்தில் நான் முப்பத்தொரு வருஷம் ஆள் வருகை எழுதியவன். பிள்ளைக்காக இப்படிப் போய் வந்த பெண்கள் உண்டு. ஆண்களில் அவன் ஒருவன்தான்.

"ஏம்பா ராஜவேலு, நீ அப்பனா அம்மாவா?" என்று கேட்பார்கள்.

"காலைல அம்மா, மத்தியானம் அப்பா. சாயங்காலம் ரெண்டு பேருக்கும் லீவு."

அவன் பேச்செல்லாம் இப்படித்தான். ஜடையை உப்பு மூட்டை கட்டுவது போல இறுக்கிவிடுவான். "புருவமெல்லாம் மேல ஏறிக்கிச்சுப்பா" என்று இலக்கியா அழுதால், "நல்லதுதான். டீச்சர் எதைச் சொன்னாலும் ஆச்சரியமா கேக்குற மாதிரி இருக்கும். மார்க் போடுவாங்க" என்பான். சாம்பாரில் உப்பு இல்லை என்றால், "நாள் பூரா அது மூஞ்சியத்தான் பாக்குறேன். வீட்லயும் பாக்கணுமா?" என்பான். முதல் இரண்டு மாதம் இலக்கியா சிரித்தாள். எதிர் வீட்டில் இருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஜூலையில் அவன் குரல் மட்டும்தான் கேட்டது.

அவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை என்னிடம் சொன்னான்: "சிரிப்புக் காட்டலைன்னா அந்தப் புள்ள அவ அம்மாவக் கேக்கும். கேட்டா நான் என்னா சொல்றது?"

ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை காலை, "வயித்த வலிக்குதுப்பா" என்றாள் இலக்கியா.

"நேத்து சாம்பாரா, முந்தாநேத்து சாம்பாரா? எதுன்னு சொல்லு, கேஸ் போட்டுடலாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். புதன்கிழமை போகவில்லை, ஜடைக்கும் உட்காரவில்லை. "கணக்குப் பரீட்சையா? எனக்கும் அன்னைக்குத்தான் வயித்து வலி வரும்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குத் திரும்பினான்.

வியாழக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு அவன் வந்தபோது, அடுத்த வீட்டில் எஸ்டிடி பூத் வைத்திருந்த லூர்துமேரி வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, உள்ள போவாதீங்க. பாப்பா பெரியவளாயிட்டா."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமையே. அம்மா சீலைய கிழிச்சு வச்சிக்கிட்டு மூணு நாளா தனியா கிடந்திருக்குது. இன்னைக்குத் தண்ணி மோந்துக்க வந்தப்போ நான் பாத்துட்டுக் கேட்டேன். அப்பறம்தான் அழுதுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதைத்தாண்ணே கேட்டேன். சொன்னா அப்பா சிரிப்பாருன்னுச்சு."

ராஜவேல் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. அதைப் பிடித்தபடியே நின்றான்.

சடங்கு செய்து தண்ணீர் ஊற்றும் வரை பெண்ணின் முகத்தை ஆண்கள் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் வீடு ஒரே அறை. அதன் மூலையில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி இலக்கியாவை உட்கார வைத்தார்கள். ராஜவேல் உப்பளக் கொட்டகைக்குப் படுக்கையை எடுத்துக்கொண்டு போனான். அமுதவல்லியின் அக்கா சின்னப்பாப்பா கிளியனூரிலிருந்து மறுநாள் காலை வந்தாள். வந்த ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டாள்.

"தண்ணி ஊத்தினதும் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். எங்கூர்ல ஸ்கூல் இருக்குது. பொம்பள இல்லாத வீட்ல வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு நீ என்னா செய்வ?"

"நான் இருக்கேன் இல்ல அண்ணி?"

"இருந்தியே. மூணு நாளா இங்கதான இருந்த."



அன்று வெள்ளிக்கிழமை. அமுதவல்லி வெள்ளிக்கிழமைகளில் மாலை நாலரைக்கு லூர்துமேரியின் பூத்துக்குப் பேசுவாள். அவளும் ராஜவேலின் வேடிக்கைக்காகவே காத்திருப்பவள். முந்தைய வாரம் சமையலைப் பற்றிக் கேட்டதற்கு, "மீந்ததை நாய்க்கு வச்சேன். ரெண்டு நாளா நம்ம வாசல்லயே காவல் கிடக்குது, நான் மறுபடியும் சமைக்காம பாத்துக்க" என்று சொல்லியிருந்தான். அவள் சிரித்தது பூத்துக்கு வெளியே கேட்டது. இந்த வாரம் போன் வந்தபோது நான் மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். கதவு சரியாக மூடாது. அவள் சத்தமாகப் பேசுகிறவள்.

"என்னா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்னா சமையல்? நாய் இருக்குதா, போயிடுச்சா?"

"அண்ணி சமைச்சாங்க."

"அக்காவா? அக்கா எதுக்கு வந்திருக்குது?"

அவன் போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"யோவ், ஏன் சும்மா இருக்க? எப்பவும் எதனா சொல்லுவியே. யாருக்கு என்னா? பாப்பா எங்க? ஐயோ, பாப்பாவுக்கு என்னா?"

"பாப்பா நல்லா இருக்குது. பெரிய மனுஷியாயிட்டா."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிஷம் போயிற்று. பிறகு அவள் கேட்டாள்.

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"நீ?"

"இருந்தேன். அது எங்கிட்ட சொல்லல."

அக்கா கூட்டிப்போகக் கேட்பதையும் சொன்னான். "நான் இங்க இருந்துகிட்டு என்னா சொல்றது? பாப்பாவையே கேளு. அது சொல்றபடி செய்யி" என்றாள். போனை வைத்த பின்பும் ராஜவேல் ஸ்டூலை விட்டு எழவில்லை. வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

கேட்பதற்கு அவனுக்கு ஐந்து நாள் ஆனது. புதன்கிழமை மாலை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே தட்டி, தட்டிக்குப் பின்னால் அவள்.

"பாப்பா, இன்னைக்கு மேஸ்திரி வரப்புல வழுக்கி உப்புக் குவியல்ல உக்காந்துட்டாரு. ஊறுகாய் போட்டாச்சு, ஒரு வாரத்துல எடுக்கலாம்னேன்."

உள்ளே சிரிப்பு இல்லை. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"பெரியம்மா கூடப் போறியா, என்கூட இருக்கியா?"

"போறேம்பா."

"கோவமா?"

"இல்லப்பா. உங்கிட்ட எதனா சொல்லணும்னா, நீ சிரிப்புக் காட்டறதுக்கு முன்னாடி சொல்லி முடிக்கணும். என்னால முடியல."

"சரிம்மா" என்றான்.

ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் விடுமுறை. பையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போய், பஸ் மாறி, கிளியனூரில் விட்டுவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழரைக்கு அவன் வீட்டுக்கு வர வேண்டிய வேலை இல்லை. பத்தரைக்கு எல்லோரோடும் கரையேறினான். "என்னாப்பா, அம்மாவுக்கு லீவா?" என்று ஒருவன் கேட்டான். ராஜவேல் காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

ஞாயிறு தோறும் கிளியனூர் போனான். காய்ச்சலால் விட்டது ஒன்றே ஒன்று, செப்டம்பர் 11. மகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பானாம். அவள் பள்ளியைப் பற்றி ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்பானாம். "சும்மா கேக்குறது உப்பு வாருறதை விடக் கஷ்டங்க" என்று என்னிடம் சொன்னான். அதை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. மழை பிடித்துவிட்டது, உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. அவன் கிளம்பும்போது இலக்கியா தெருமுனை வரை கூட வந்தாள்.

"அப்பா, மெடிக்கல்ல பேடு வாங்கிட்டு வர்றியா? பெரியம்மா துணியே போதும்னு சொல்லுது. ஸ்கூல்ல கஷ்டமா இருக்குது."

"எந்த மாதிரிம்மா?"

அவள் சொன்னாள். அந்தப் பேர் மறக்காமலிருக்க அவன் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ரோட்டுக்குப் போனான். கடைக்காரப் பையன் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, "யாருக்குண்ணே?" என்று இளித்தான்.

"எம் பொண்ணுக்கு. ரெண்டு பாக்கெட்டா குடு."

ராஜவேல் திரும்பி வந்து மகளிடம் கொடுத்தான். ஐந்து பத்துக்கு வரும் பஸ் போய்விட்டது. அடுத்தது ஆறு இருபத்தைந்துக்கு. இலக்கியா பையை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் நீயே வாங்கிட்டு வந்துடுப்பா."

அடுத்த மாதமும் அவள் கிளியனூரில்தான் இருக்கப்போகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, தூறலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.