கிணற்றுக்குள் தள்ளிய கூரை

சென்ற ஆண்டு கோடையில் செந்துறை அருகே உள்ள எங்கள் பழைய வீட்டை இடித்தோம். கூரையாக இருந்த கான்கிரீட் தளத்தை உடைத்துக் கம்பியைப் பிரிக்க ஆள் கிடைக்கவில்லை. கொல்லையில் வற்றிப்போன உறைகிணறு ஒன்று சும்மா கிடந்தது.

"அதுல தள்ளிடுவோம். கெணறும் தூந்துரும், கல்லும் ஒழிஞ்சிரும்" என்றார் என் கணவர். ஜேசிபி ஓட்டியவர் மட்டும், "உடைக்காம போட்டா நடுவுல மாட்டிக்கும்க்கா" என்றார். நான்தான், "அதெல்லாம் அமுங்கிரும், போடுங்க தம்பி" என்றேன்.

மேலே மண் கொட்டி நிரவியதும் தரை சமமாகிவிட்டது. அங்கேயே துவைக்கிற கல்லைப் போட்டேன். பக்கத்தில் செவலைப் பசுவைக் கட்டினோம்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. துவைத்த துணியோடு கொடிப் பக்கம் நாலடி நகர்ந்திருப்பேன். பின்னால் ஏதோ சரியும் சத்தம் கேட்டது. திரும்பினால் கல்லும் இல்லை, பசுவும் இல்லை. கிணற்றின் குறுக்கே சிக்கியிருந்த தளத்துண்டு மழையில் நழுவி, மேலிருந்த மண்ணோடு உள்ளே போயிருந்தது.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் பசுவின் கத்தல் நின்றுவிட்டது. தூக்க வழியில்லை. அதன் மேலேயே மூடினோம்.

இந்த முறை மிச்சமிருந்த இடிபாடுகளை எல்லாம் கையளவாக உடைத்து, கம்பியை உருவி, தண்ணீர் விட்டு இடித்து இடித்து நிரப்பினேன். சுற்றிலும் முள்வேலியும் போட்டிருக்கிறேன். "அதான் கெட்டியாயிருச்சே, வேலி எதுக்கு?" என்று கேட்கிறார்கள்.

போன வருடம் துணி துவைத்தபோதும் அது கெட்டியாகத்தான் இருந்தது.