பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளும் என் வாயும்

என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது அடிக்கடி சொல்லுவார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒன்று வெளியே ஒன்று பேசத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமை இப்போது போன இடம் தெரியவில்லை. வாசலில் நிற்கிற பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்குகிறது.

அலோர் காஜாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு எங்களுடையது. நான், மகன், மருமகள் என்று மூன்று பேர். மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மருமகள் மஸ்ஜித் தானாவில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். காலையில் காரை எடுத்தால் மாலையில்தான் வருவாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த அசிங்கமெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையை விட்ட பிறகு எனக்குப் பகல் நீளமாகிவிட்டது. பாசாரில் வாங்கிய சிலி பாடி மிளகாயில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து எடுத்து, கீறி, விதையைக் காயவைத்து முட்டை அட்டையில் தூவினேன். ஆறு இலை விட்டதும் காலி பெயிண்ட் வாளிகளுக்கு மாற்ற வேண்டும். பன்னிரண்டு வாளிகள் சேர்த்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி வைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காய்க்கிற செடியை நடும்போது கைராசிக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு நடச் சொல்வார்கள். அவள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தபோது முருங்கைக் கொம்பு ஊன்றக்கூட என் அம்மா அப்படி ஆள் தேடியிருக்கிறாள். நானும் தேடினேன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரிக்கு நான்கு பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை வரச் சொன்னேன்.

அன்று மருமகளும் வீட்டில் இருந்தாள். பழைய டீ-சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆசையாக வந்து எங்கள் பக்கத்தில் குந்தினாள். முட்டை அட்டையிலிருந்து ஒரு நாற்றை எடுத்து, "நான் ஒண்ணு வைக்கிறேன் அத்த" என்றாள்.

"நீ வைக்காதம்மா. பிள்ள பெத்தவங்க கை வைக்கட்டும்" என்றேன்.

அதட்டிச் சொல்லவில்லை. 'அடுப்பை அணைத்துவிட்டாயா' என்று கேட்கிற குரலில்தான் சொன்னேன். அவள் அந்த நாற்றை வேர் கலையாமல் திரும்ப வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயில் கை கழுவினாள். அவள் கையில் மண்ணே படவில்லை. அது தெரிந்தும் நான் அடுத்த வாளிக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன்.

செடி வைத்தால் போதுமா, உரம் வேண்டாமா? உரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கல்யாணமாகும் வரை எட்டு வருடம் செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவள் நான். இடுப்பில் வாளி, கையில் மங்குக் கிண்ணம், நிரை நிரையாக நடந்து மரத்துக்கு இத்தனை மங்கு என்று வீசுவோம். என் தம்பி இப்போதும் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான். அவனிடம் சொல்லி ஒரு சாக்கு வாங்கி வரச் செய்தேன். வெள்ளை வெளேரென்று மணி மணியாக இருந்தது. வாரம் தவறாமல் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தேக்கரண்டி போட்டேன்.

செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு வந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலோர உம்பாயிலிருந்து மகன் மீன் வாங்கி வரும் நாளெல்லாம், இன்னும் கொஞ்ச நாளில் நம் வீட்டு மிளகாயில்தான் சம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் போனது. மூன்றாவது மாதமும் போனது. இடுப்பளவு வந்த செடிகளில் ஒரு மொட்டைக்கூடக் காணோம். என்னிடம் மிச்சமான நாற்றில் இரண்டை எடுத்துப்போன கடைசி வீட்டுக்காரிக்கோ, ஒல்லிச் செடி முழுக்கப் பூ.

எலுமிச்சம்பழம் கட்டினேன். உடைந்த சட்டியில் சுண்ணாம்பால் கண் வரைந்து வாசலில் கவிழ்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உரத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினேன். வாளிகளில் மண் ஈரமாக இருந்தது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

"நான்தான் அத்த. லீவு போட்டிருந்தேன்ல. வெயில்ல வாடிப்போய் நின்னுச்சு" என்றாள் மருமகள்.

மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். ஓகோ, இதுதான் விஷயமா என்று நினைத்தேன். உண்மையில் அன்று அவள் ஊற்றியிருக்காவிட்டால் பாதிச் செடி போயிருக்கும்.

எங்கள் தாமானில் கடைசி வீட்டுக்காரியோடு சேர்த்துப் பெண்கள் ஆறு பேர் வெள்ளிக்கிழமை மாலைகளில் சாமி பாட்டுப் பாடுவோம். வாரம் ஒரு வீடு. அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. பாடி முடித்துத் தீபம் காட்டியானதும் எல்லாரும் வாசலில் நின்று செடிகளைப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "என்னாக்கா, இவ்ளோ செழிப்பா நிக்குது, ஒரு பூவக் காணோமே?"

நான் சொன்னேன்: "நட்டவ கை நல்ல கைதான். அப்புறம் யாரு யாரு கை பட்டுச்சோ. இந்த வீட்டுல எதுதான் பூக்குது?"

மருமகள் கச்சான் சுண்டல் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். ஐந்து பேரின் பார்வையும் அவள் முகத்துக்குப் போய், அவள் வயிற்றுக்கு இறங்கி, பிறகு சட்டென்று செடிகளுக்குத் திரும்பியது. அவள் தட்டை நீட்டி ஒவ்வொருவருக்கும் சுண்டல் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மகன், "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"நான் என்னடா சொன்னேன்? செடியப் பத்தித்தானே சொன்னேன்" என்றேன். அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மருமகள் காரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டுப் பின்சந்து வழியாக நடந்து சமையலறைக் கதவால் உள்ளே வர ஆரம்பித்தாள். வாளிகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் விட்டுக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். நல்ல பிள்ளைதான் என்றுகூட நினைத்தேன். என் மண்டை அந்த லட்சணத்தில் வேலை செய்தது.

இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, டவுனில் விதையும் உரமும் விற்கிற சீனர் கடைக்குப் போனேன். பூ வருவதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டு, கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். கடை முதலாளி தவுக்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்ன பாஜா போடுகிறாய் என்று மலாயில் உரத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வெள்ளை மணி உரம், வாரம் ஒரு முறை என்றதும் கடையே அதிரச் சிரித்தார்.

"ஆன்ட்டி, இது யூரியா லா. டாவுன் சஹாஜா!"

இலை மட்டும்தான் வருமாம். யூரியா இலைக்குத்தான் தீனி போடும், அதை அளவில்லாமல் கொடுத்தால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், பூக்க வேண்டும் என்ற நினைப்பே அதற்கு வராது என்று விளக்கினார். யூரியாவை நிறுத்து, ஒரு வாரம் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடு, நுனியைக் கிள்ளு, பிறகு இதைக் கொஞ்சமாகப் போடு என்று ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். நான் தோட்டத்தில் மங்கு மங்காக வீசிய காலத்தில் எந்தச் சாக்கில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வீசத் தெரிந்ததையே உரம் தெரிந்ததாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது முதலில் எனக்கு மருமகள் ஞாபகம் வரவில்லை. இதை யாருக்கும் தெரியாமல் எப்படி மறைப்பது என்பதுதான் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் சாக்கை இழுத்துத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் தள்ளினேன். செய்ததைவிட இதுதான் கேவலம் என்று இப்போது தோன்றுகிறது.

நான்காவது வாரம் பூ வந்தது. சின்னதாக, வெளிறிய வெள்ளையில், இலைக்கடியில் ஒளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருமகள் அப்போதுதான் சமையலறைக் கதவால் வந்திருந்தாள். "ஏம்மா, ஓடி வா, பூ வந்துருக்கு!" என்று கத்தினேன்.

அவள் முன்கதவு வரை வந்து நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டாள்.

"இங்கேர்ந்தே தெரியுது அத்த. நான் கிட்ட வரல. கொட்டிப்போச்சுன்னா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அப்போதுதான் பின்சந்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் எனக்கு உறைத்தது. ஒன்றரை மாதமாக அவள் செடிகள் பக்கம் வராமல் தன் வீட்டுக்கே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அப்படியே கூனிக் குறுகிப்போனேன்.

இரண்டு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, அவள் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "பூக்காததுக்குக் காரணம் நீ இல்லம்மா. என் உரந்தான். யூரியாவ அள்ளி அள்ளிப் போட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும் அத்த."

"தெரியுமா?"

"சாக்குலயே எழுதியிருக்கு. அன்னைக்குத் தண்ணி ஊத்துனப்பயே பாத்தேன். போன்ல தேடுனா எல்லாம் வருது."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கிட்ட சொல்ல வேணாம் அத்த. அன்னைக்கு வாசல்ல நின்னாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லுங்க. போன மாசம் வளைகாப்புக்கு உங்கள மட்டுந்தானே கூப்பிட்டாங்க?"

அந்த ஐந்து பேரில் ஒருத்தியின் மகளுக்கு வளைகாப்பு. வீடு தேடி வந்து என்னை அழைத்தார்கள். இவளை அழைக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் சாப்பிட்டு, மிச்சத்தைப் பையில் கட்டி வந்து இவளுக்கே கொடுத்திருக்கிறேன்.

"சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

மற்றவர்கள் வீட்டில் வேண்டாம், செடிகளுக்கு முன்னால் வைத்தே சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். எங்கள் வீட்டு முறை மறுபடியும் வந்தது. அதற்குள் மிளகாய் பழுத்து, செடிகள் சிவப்பும் பச்சையுமாக நின்றன. என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

"பாத்தீங்களாக்கா, என் கைராசி! லேட்டானாலும் வந்துருச்சுல்ல லா" என்று சிரித்தாள் கடைசி வீட்டுக்காரி.

இன்னொருத்தி குரலைத் தாழ்த்தினாள். "இப்பல்லாம் மருமக செடிகிட்ட வர்றதில்ல போலிருக்கே? பின்பக்கமாத்தான் வருது, நான் பாத்தேன். அதான் காய்க்குது, இல்லக்கா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. வாயைத் திறந்தேன். எட்டு வருடம் உரம் போட்டவளுக்கு யூரியா தெரியவில்லையா என்று இவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு நொடி நினைத்தேன். என் வாழ்நாளில் என் வாய் எனக்குக் கட்டுப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஆமா" என்றேன்.

பிறகு ஆளுக்கு ஒரு கைப்பிடி மிளகாய் பறித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன். கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். மருமகள் உள்ளே டீ கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

எல்லாரும் போன பிறகு காலிக் கோப்பைகளை எடுக்க வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்" என்றேன்.

"சரி அத்த" என்றாள். பொய் சொல்கிற சின்னப் பிள்ளையிடம் பெரியவர்கள் 'சரி' என்பார்களே, அந்த மாதிரி.

அதன் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் வந்து போய்விட்டன.