முனீஸ்வரியும் தவ்வுகிற எலிகளும்

சமயநல்லூர் முனீஸ்வரிக்கு வயது முப்பத்தொன்பது. வீட்டில் ஆறு ஆடுகள். வேலையிடத்தில் நானூறு எலிகள். மதுரைக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தப் பணியாளர். கூண்டு கழுவுவார், உமி மாற்றுவார், வேண்டாம் என்று குறித்த எலிகளைக் கொன்று கழிப்பார். "ஆடாவது கத்தும். இதுக அம்புட்டும் ஊமை" என்று சிரிப்பார்.

அங்கே ஆய்வு மாணவி ஸ்ரீவர்ஷினி ஒரு மரபணுவின் பின்னால் அலைகிறார். பெயர் எஃப்-ஏ4. கரு வளரும்போது நரம்பிழைகள் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று காட்டுவது அது. அது இல்லாத எலிக்குத் தண்டுவடத்தில் இழைகள் நடுக்கோட்டைத் தாண்டிவிடும். பின்னங்கால்கள் மாறி மாறிப் போகாமல், முயல் மாதிரிச் சேர்ந்தே எம்பித் தவ்வும். ஆறு மாதக் காத்திருப்பில் அப்படித் தேறியவை மூன்றே குட்டிகள்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. கழிக்க வேண்டிய கூண்டை முனீஸ்வரி திறந்தார். உள்ளே மூன்று குட்டிகளும் ஓடவில்லை, தவ்வின.

முந்தின நாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு கூண்டுகளின் பெயரட்டைகளைச் சேர்த்து உருவியது நினைவுக்கு வந்தது. மாற்றிச் செருகிவிட்டார். மற்றக் கூண்டு காலையிலேயே ஸ்ரீவர்ஷினியின் அறைக்குப் போய்விட்டது. சொன்னால் பிழை ஏட்டில் ஏறும்; ஏற்கெனவே ஒருமுறை ஏறியிருக்கிறது. ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. வாயைத் திறக்காமல் கழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

கூண்டைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு ஓடினார். ஸ்ரீவர்ஷினி ஓர் எலிக்கு ஊசி போடக் கையை ஓங்கியிருந்தார்.

"பாப்பா, ஊசியக் கீழ வை. அது ஒன்னோட எலி இல்ல."

"அட்டையப் பாருங்கக்கா."

"அட்டைய மாத்துனதே நாந்தான். நடக்க விட்டுப் பாரு."

மேசையில் விட்டார்கள். ஸ்ரீவர்ஷினியின் எலி நடந்தது. முனீஸ்வரி கொண்டுவந்தது தவ்வியது. ஸ்ரீவர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசம்க்கா."

"தெரியும். அதான் ஓடியாந்தேன்."

பொறுப்பாளர் வெங்கடேஷ்பாபு ஏட்டைத் திறந்தார். "இது ரெண்டாவது தடவை, முனீஸ்வரி."

"ஆமா சார். எழுதுங்க."

எழுதினார். தானே வந்து சொன்னார் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். ஸ்ரீவர்ஷினி எட்டிப் பார்த்து, "மூணு குட்டியும் உசுரோட இருக்குன்னும் போடுங்க சார்" என்றார். அதையும் போட்டார்.

ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு நீண்டது. இப்போதெல்லாம் ஊசி போடும் முன் எலியை மேசையில் விட்டுப் பார்ப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். முனீஸ்வரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிவார்.

"இது நடக்குது. அடுத்தத விடு, பாப்பா."