தூக்கத்தில் ரயில் ஓட்டியவர்

என் கணவர் முப்பத்து நாலு வருஷம் ரயில் ஓட்டியவர். இரவு டூட்டி முடிந்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து பகலில்தான் தூங்குவார். வண்டி எவ்வளவு லேட் ஆனாலும் அவர் வரும்வரை நான் சாப்பிடாமல் காத்திருப்பேன். பதிபக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் உதவி ஓட்டுநர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் அசந்துவிடாமல் மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஐம்பது தாண்டியதும் இவர் அதைத் தூக்கத்தில் செய்ய ஆரம்பித்தார். கண் மூடியபடியே இருக்கும், கை மட்டும் விறைப்பாக எழும். "தம்பி, சிக்னல் என்ன?" என்று கத்துவார். பதில் வராவிட்டால் கை காற்றில் பிரேக்கைத் தேடும், கால்கள் உதைக்கும். "கிரீன், சார்" என்று நான் சொன்னால் அடங்கிவிடுவார். ஒருநாள் அந்த உதையில் என் வளையல் உடைந்து மணிக்கட்டு கிழிந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணன் குடிப்பாராக்கா?" என்று ரகசியமாகக் கேட்டாள். அன்றே என் படுக்கையை ஹாலுக்கு மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு பதிலும் ஹாலிலிருந்தேதான்.

லால்குடியில் என் தங்கை மகள் கல்யாணத்தில் இதையெல்லாம் நடித்துக் காட்டினேன். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா? எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"தூக்கத்துல உளர்றதுக்கெல்லாம் டாக்டரா? நல்லாத்தான் இருக்கு, போங்க!" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற நாலாவது வருஷம், காய் வாங்கப் போனவர் வீட்டுக்குப் பக்கத்து உத்திர வீதியிலேயே வழி தெரியாமல் நின்றார். பிறகு அலமாரி மேல் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு போடு என்றார். பயந்துபோய்த் தென்னூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூக்கத்துல கத்துவாரா? கை காலை வீசுவாரா?" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? கையை நீட்டி, குரலை மாற்றி, கல்யாணத்தில் செய்தபடியே நடித்துக் காட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா?" என்றார். பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டே நீட்டிய கையை இறக்கினேன்.

கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருக்க மூளை ஒரு பூட்டுப் போட்டு வைக்குமாம். சிலருக்கு அந்தப் பூட்டு கழன்றுவிடுமாம். அப்படிக் கழல்வது, ஞாபகம் போவதற்குப் பல வருஷம் முன்பே வரும் அறிகுறியாக இருக்கலாமாம்.

"அப்பவே வந்திருந்தாலும் இதை நிறுத்தியிருக்க முடியாதும்மா. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் தைத்தது. தெரிந்திருந்தால் அத்தனை வருஷத்தை ஹாலில் படுத்துக் கழித்திருப்பேனா? பஸ்ஸில் அவர் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல விட்டிருப்பேன். அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது. நான் அதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

இப்போது என் கட்டில் அவர் அறையிலேயே, உதை எட்டாத தூரத்தில் கிடக்கிறது. விழித்திருக்கும்போது, "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். தூக்கத்தில் மட்டும் அந்தப் பழைய அதிகாரக் குரல்.

போன வாரம் ஒரு மதியம் அவர் கை எழுந்தது. "தம்பி, சிக்னல்?"

"கிரீன், சார்."

கை இறங்கவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"வண்டி ரொம்ப லேட்டு, தம்பி. என் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு. அவ சாப்பிடாம உக்காந்திருப்பா."

"சொல்லிடறேன், சார்" என்றேன்.

மணி மூன்றாகியிருந்தது. நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.