சிடியில் வைத்த சந்தனப் பொட்டு

ராஜலட்சுமி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது கோவில்பட்டியில் எங்கள் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். கணினி பழுதுபார்க்கும் அந்தக் கடையை நாங்கள் இருவரும் கூட்டாக நடத்தினோம். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே நின்றேன். முந்தின வாரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னைத் திட்டினார். அவரிடம் திட்டு வாங்காத வாடிக்கையாளர் குறைவு என்பது ஊருக்கே தெரியும்.

அவரை நினைத்தால் எனக்குக் கடம்பூர் ஸ்டுடியோதான் முதலில் வருகிறது. பல வருடங்களுக்கு முன், ஆயுத பூசைக்கு மறுநாள், போட்டோ எடுக்கிற அண்ணாச்சி பதறிப்போய் போன் செய்தார். கணினி எழும்பவில்லை. அதற்குள் ஒரு கல்யாணத்தின் படங்கள் இருந்தன. கேமரா கார்டை ஏற்கெனவே அழித்துவிட்டார். கல்யாணம் முடிந்த மறுவாரமே பெண்ணின் அப்பா தவறிவிட்டார். நாங்கள் போனபோது அந்தப் பெண் ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

விண்டோஸைச் சரிசெய்ய அண்ணாச்சியிடம் இருந்த சிடியைப் போட்டேன். ஏறவில்லை. கணினி முதலில் சிடியைப் படிக்கும்படி அமைப்பை மாற்றினேன். அப்போதும் கறுப்புத் திரைதான். நாங்கள் கொண்டுபோன சிடி வேறு பதிப்பு; அதை வைத்துப் பழையதைச் சரிசெய்ய முடியாது, புதிதாக ஏற்றத்தான் முடியும். "நம்ம சிடியைப் போட்டு, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவோம்க்கா" என்றேன்.

"அழிக்கதுக்கு என்னலே அவசரம்? வெளிய ஒரு பிள்ள உக்காந்திருக்கா, பாத்தியா?"

சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கணினி படிக்கிற பளபளக்கும் பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"நான்தான் தாயி வச்சேன்" என்றார் அண்ணாச்சி. "மெசினுக்கு மட்டும் வச்சா இது கோவிச்சுக்கிடாதா?"

"அதுக்குன்னு மூஞ்சியிலயா வைப்பிய?"

அக்கா சிரித்துக்கொண்டே சிடியை சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்தார். டிரைவின் லென்சில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பஞ்சால் எடுத்தார். சிடி ஏறியது. படங்களைத் தொடாமல் விண்டோஸை மட்டும் சரிசெய்யும் வழியில் போனார். கணினி எழும்பியதும், கல்யாணப் படத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும் அப்பாவைப் பார்த்து அந்தப் பெண் அழுதாள். அக்காவும் அழுதார். பிறகு கார்டை அழித்ததற்காக அண்ணாச்சியை ஒரு பிடி பிடித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அக்காவின் பழைய கணினியை அவர் மகன் கடைக்குக் கொண்டுவந்தான். அதுவும் எழும்பவில்லை. "அழிச்சிட்டுக் குடுத்திருங்க மாமா, பிள்ளைகளுக்கு ஆகும்" என்றான்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் அக்கா முதலில் கேட்பது ஒரு கேள்விதான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அதுதான். அவர் மகனிடமே கேட்டேன்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியலையே மாமா."

"அப்ப அழிக்க மாட்டேன். உக்காரு மாப்ளே, ரெண்டு பேருமா பாப்போம்" என்று அக்காவின் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.