எழுபதில் வரும் நடுக்கம்

ஊசியக்கா என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நரம்பே தட்டுப்படாத கிழவர்களுக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். ஊசி என்றாலே வீட்டை இரண்டாக்கும் பிள்ளைகள்கூட அவளிடம் கையை நீட்டுவார்கள். அந்தப் பெயர் கேலிக்கு வைத்ததல்ல, அவள் சம்பாதித்தது.

அதனால்தான் அன்றைக்கு மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்தபோது அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"பாருங்க, மறுபடியும் ரத்தம் உடைஞ்சு போயிருக்கு. ஒழுங்கா எடுக்க முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளை அனுப்பறேன்."

மேலே தெளிந்து மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சிவந்து கிடந்தது. அணுக்கள் சிதைந்தால் அப்படித்தான் ஆகும்; தப்பாகக் குத்தினாலும் சிதையும், வழியில் குழாய் குலுங்கினாலும் சிதையும். அந்த ரத்தம் எதற்கும் உதவாது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிற அந்தப் பெரியவரை மறுபடி குத்த வேண்டும். அவள் மனம் குழாயில் இல்லை, வாசலில் நிற்கிற காரில் இருந்தது.

கார் அவள் தம்பியுடையது. அவன் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை இவளிடம் விற்றான். "வெளியாளுக்குத் தர மனசு வரலைக்கா. குழந்தை மாதிரி வச்சிருந்தேன்" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தான். அதுவரை மழையிலும் வெயிலிலும் ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண் காய்வதற்குள் புறவழிச்சாலையில் ஒருநாள் அது வந்தது. முள் எழுபதைத் தொட்டதும் வண்டிக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம். காய்ச்சல்காரனுக்குப் பல் அடித்துக்கொள்வதுபோல. பெட்டிக்குள் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்றன. வேகத்தைக் குறைத்தால் நின்றது, ஏற்றினால் வந்தது. அவள் போகிற வீடுகளில் பாதி அந்தச் சாலைக்கு அந்தப்பக்கம்தான்.

கணவரிடம் சொன்னாள். அவர் காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவரை போய்விட்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கடைத்தெருவுல எழுபதுல போனீங்களா?"

"நீ எதுக்கு எழுபதுல போற?"

தம்பிக்குப் போன் செய்தாள். "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான்கா செய்யும். நீ இப்பத்தானே ஓட்டிப் பழகுற, எல்லாமே பூதமா தெரியும்" என்று சிரித்தான். பட்டறைக்காரர் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சமன்செய்து மாட்டிவிட்டு, "இனிமே வெண்ணெய் மாதிரி போகும் மேடம்" என்றார். போகவில்லை. திரும்பி வந்து சொன்னதற்கு, "மனசுல சந்தேகம் வந்துட்டா அப்படித்தான் தோணும்" என்றார்.

மூன்று ஆண்கள், மூன்று விதமாகச் சொன்னாலும் சொன்னது ஒன்றுதான்: கோளாறு வண்டியில் இல்லை, உன்னிடம். இப்போது நாலாவதாக மேற்பார்வையாளரும் சேர்ந்துகொண்டார்.

அவளுக்கு வார ஓய்வு கிடைத்த நாளில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகப் புறவழிச்சாலைக்கு விட்டாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை, புத்தி சொல்ல ஆள் இல்லை. அதுவே பாதி நிம்மதி.

எழுபது. நடுக்கம் வந்தது. முதலில் ஸ்டியரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். துடிப்பே தெரியாத கையில் நாடி பார்க்கிற விரல்கள் அவை. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. நடுக்கம் இருக்கையில் இருந்தது, முதுகில், தரையில் ஊன்றிய குதிகாலில். அப்படியென்றால் முன்பக்கம் இல்லை. பட்டறைக்காரர் கழற்றி மாட்டியது வீண்வேலை.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். நடுக்கம் அப்படியே இருந்தது. பின்னால் வண்டி ஏதும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் சத்தம் அடங்கியது, கார் தன்பாட்டுக்கு ஓடியது, நடுக்கமும் கூடவே ஓடியது. சரி, எஞ்சினைக் குற்றம் சொல்ல முடியாது. மறுபடி வேகமெடுத்து பிரேக்கை லேசாக மிதித்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரேக்கும் இல்லை. மிச்சம் இருப்பது பின்சக்கரம், இல்லையென்றால் சக்கரத்தைத் தாங்குகிற ஏதோ ஒன்று.

"எனக்குப் பூதம் தெரியுதாம்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஜாக்கியை எடுத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பின்சக்கரங்களை முன்னுக்கும் முன்சக்கரங்களைப் பின்னுக்கும் மாற்றிப் பார்ப்பது என்று திட்டம். கணவர் எட்டிப் பார்த்து, "உனக்கு எதுக்கு இந்த வேலை, விழுந்து கிழுந்து வைக்கப் போற" என்றார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு வந்து, கழற்றிய நட்டுகளை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வேலை முடிகிறவரை நின்றார்.

மாற்றி முடித்ததும் மறுபடி புறவழிச்சாலைக்குப் போய் எழுபதைத் தொட்டாள். சக்கரத்தில்தான் கோளாறு என்றால் நடுக்கம் இப்போது ஸ்டியரிங்குக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்போலவே முதுகில்தான் அடித்தது. சக்கரம் சுத்தம். அதற்கு உள்ளே, அடியில், ஏதோ கோணியிருக்கிறது. பழசானதால் தேயலாம், ஆனால் அடி படாமல் எது கோணும்?

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். "வாடா, ஒரு ரவுண்டு போகலாம். நீயே ஓட்டு" என்று சாவியை நீட்டிவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அவன் கதை பேசிக்கொண்டே ஓட்டினான். புறவழிச்சாலை காலியாகக் கிடந்தது. முள் ஐம்பதைத் தாண்டி, அறுபதுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

"அழுத்து."

"என்னக்கா அவசரம், மெதுவா போவோமே."

"ரோடு காலியாத்தானே இருக்கு. அழுத்துடா."

அவன் பேச்சு நின்றது. எங்கே போனாலும் பறக்கிறவன், ஓட்டினால் உடனே அபராதம் வாங்கிக்கொண்டு வருகிறவன், அவன் கால் அறுபதுக்கு மேல் இறங்க மாட்டேன் என்றது. அவள் அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்த்திருந்தது.

"உனக்குத் தெரியும்" என்றாள். "என்னன்னு உனக்குத் தெரியும்."

அவன் ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான். போன மழையில் வழுக்கி, பின்பக்கம் தடுப்புச்சுவரில் போய் மோதியது. பின் அச்சு கோணி, ஒரு இடத்தில் விரிசலும் விட்டது. தெரிந்த ஆளைப் பிடித்து நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் அடித்தாயிற்று.

"புதுசு போட்டா நிறைய ஆகும்னாங்கக்கா. மெதுவா போனா ஒண்ணும் ஆகாதுன்னு வெல்டிங் வச்சவன் சொன்னான். நீ ஊருக்குள்ளதானே ஓட்டப்போறேன்னு நெனச்சேன்."

"வெளியாளுக்குத் தர மனசு வரலைன்னியே! வெளியாள்னா தூக்கிப் பார்த்து வாங்கியிருப்பான், அதானே? அக்கான்னா குனிஞ்சுகூடப் பார்க்க மாட்டா!" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "என் பொண்ணு தினமும் உட்கார்ற சீட்டுடா இது. போன வாரம் வாசல்ல நின்னு அவளுக்குக் கையாட்டினியே, எப்படிடா கை வந்துச்சு?"

"அக்கா, சத்தம் போடாதக்கா, போறவங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். இறங்கு. இங்க வந்து உட்காரு, அவ உட்கார்ற இடத்துல."

அவன் இடம் மாறினான். அவள் ஓட்டினாள், ஆமை மாதிரி, பட்டறை வரைக்கும். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின. அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தான். அவள் காதில் வாங்கவில்லை.

பட்டறைக்காரர் காரை மேலே தூக்கி, அடியில் விளக்கைப் பிடித்தார். பெயிண்ட்டுக்குக் கீழே வெல்டிங் மேடு தட்டுப்பட்டது. அதன் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு, புதுசு, துரு ஏறாதது. அவர் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"மறுபடி விரிசல் விட ஆரம்பிச்சிருக்கு" என்றார் மெதுவாக. "கொஞ்ச நாள் போயிருந்தா..."

"அன்னிக்கே தூக்கிப் பார்த்திருக்கலாமே. மனசுல சந்தேகம்னு சொன்னீங்க."

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

தம்பியிடம் கையை நீட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. "உன் புது வண்டிச் சாவி. இதுக்குப் புது அச்சு போட்டு, என் கண்ணு முன்னாடி நீயே எழுபதுல ஓட்டிக் காட்டிட்டு வாங்கிட்டுப் போ."

கொடுத்தான். கொடுக்காமல் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அச்சு வந்து மாட்டுகிறவரை அவன் புதுக்காரில்தான் பெட்டி போய் வந்தது. ஒரு குழாயில்கூட ரத்தம் உடையவில்லை. அவள் மேற்பார்வையாளரிடம் போய், எல்லாரும் இருக்கும்போதே விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பு வரும் என்று நினைத்தது தப்பு. "வண்டியில கோளாறுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே" என்றார். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தம்பி சொன்னபடி எழுபதில் ஓட்டிக் காட்டினான், எண்பதிலும் காட்டினான். கார் சலனமே இல்லாமல் ஓடியது. தன் புது வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, "இப்ப சரியாயிடுச்சு இல்லக்கா?" என்றான். அவள் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா போனில் அழுதாள். கூடப்பிறந்தவனை ரோட்டில் வைத்துக் கத்தினாயாமே, வண்டிதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்றாள். "வண்டி சரியாயிடுச்சும்மா" என்றாள் இவள். அதற்குமேல் அவளுக்கும் விளக்கத் தெரியவில்லை.

ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் மகள் பின்னால் இருந்து கேட்டாள். "மாமா ஏன்மா இப்பல்லாம் வீட்டுக்கு வர்றதில்ல?"

மாமாவுக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லச் சொல்லி, போனில் அழுத அம்மா முன்கூட்டியே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஊசியக்கா சிக்னலில் நிறுத்தி, திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வண்டி உடைஞ்சிருந்தது. மாமாவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அதான் அவன்மேல கோவமா இருக்கேன்."

"எப்ப வரைக்கும்?"

"தெரியல" என்றாள். பச்சை விழுந்தது. கியரைப் போட்டாள்.