இடம் மாறிய வாழ்த்து

முதலில் கெட்டது ஒரு எழுத்து. கிறிஸ்துமஸ் அட்டையில் என் கணவர் 'வாழ்த்து' என்று எழுதிக்கொண்டிருந்தார். ழகரத்தின் சுழி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அட்டையின் ஓரம்வரை ஓடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கையெழுத்து கற்றுக்கொடுக்கிறவர் அவர்.

"இன்னாங்க, தூக்கமா?" என்று கேலி செய்தேன்.

பதில் சொல்ல வாய் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேனா விழுந்தது. கஞ்சிப் பசை அப்பிய கையோடு ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டேன்.

பக்கவாதம் (உடம்பில் ஒரு பாதி செயலற்றுப் போகும் நோய்) என்றார் வைத்தியர். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. "தைலம் தேய்ச்சிகினே இருங்க. பத்தியம் முக்கியம், உப்பே கூடாது. கால் கொஞ்சம் கொஞ்சமா வரும். புத்தி தெளிவா கீதான்னு போகப் போகத்தாம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருந்தால், அந்தக் கடைசிப் பேச்சு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே என் கணவர் இருக்கிறாரா, இல்லை உடம்பை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாரா? பார்க்க வந்தவர்கள் அவர் தலைக்கு மேலேயே "பாவம், நல்ல மனுஷன், இப்படி ஆயிட்டாரே" என்று பேசினார்கள். கட்டிலில் கிடப்பவருக்குக் காது இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காப்பி கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன்.

அட்டை செய்வது எங்கள் இருவரின் பைத்தியம். கெட்டிக் காகிதத்தைக் கஞ்சியில் நனைத்து, பட்டுச் சேலைக் கரையின் துண்டை அதன்மேல் வைத்து அழுத்துவேன். காய்ந்ததும் கரையின் மேடுபள்ளமெல்லாம் காகிதத்தில் நிற்கும். பிறகு மரத்தில் வெட்டிய அச்சைச் சாயத்தில் தோய்த்துப் பூவும் நட்சத்திரமும் ஒற்றுவேன். எழுத்து மட்டும் அவருடையது. ஒருமுறை வீம்புக்கு நானே 'வாழ்த்து' என்று அச்சு வெட்டினேன். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது வெட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒற்றிப் பார்த்தால் அத்தனை எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவர் அந்த அட்டையைக் கட்டிலுக்கு எதிரே அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிச் சிரித்தார்.

நோய் வந்து சில வாரம் கழித்து, சைகையால் பேனா கேட்டார். இடக்கையில் கொடுத்தேன். காகிதத்தின் வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக ஏதோ இழுத்தார். ஒன்றும் புரியவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்திருந்த என் கொழுந்தனார் எட்டிப் பார்த்தார்.

"வலமிருந்து இடமா எழுத, அண்ணன் எந்நாளும் உருது படிச்சதில்லையே அண்ணி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சித்தம் போச்சி. மனசைத் தேத்திக்கோங்க" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு எதிரே பார்த்தேன். அலமாரிக் கதவில் என் அசட்டு அட்டை. கையிலிருந்த கிறுக்கலைப் பார்த்தேன். இரண்டிலும் சுழிகள் ஒரே பக்கமாகத் தப்பித் திரும்பியிருந்தன.

"இன்னொரு வாட்டி எழுதுங்க, ஜல்தி" என்று புதுக் காகிதத்தை நீட்டினேன். எழுதி முடித்ததும், மை காய்வதற்குள் வெற்று அட்டை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து அழுத்தி எடுத்தேன். கோணலாக, ஆனால் நேராகப் படிக்கும்படி நின்றது: 'கஞ்சியில் உப்பு இல்லை.'

கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். ஊரே புத்தி இருக்கிறதா என்று தவித்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் உப்புக்காக மனு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கொழுந்தனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணனேதான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. வைத்தியரிடம் மன்றாடி, சிட்டிகை உப்புக்கு உத்தரவு வாங்கினேன்.

ஆகவே சொல்கிறேன். உங்கள் ஆள் கிறுக்கினால் உடனே கிழித்துப் போடாதீர்கள். புரியாதது நம் பக்கத்துக் குறையாகவும் இருக்கலாம்.

பேச்சு இன்னும் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். நான் முன்பு அவருக்கு வலப்பக்கம் உட்காருவேன், இப்போது இடம் மாறிவிட்டேன். மரக்கட்டையை முன்னால் வைத்தால் இடக்கையால் எழுதுகிறார். எழுத்து தானாகவே அச்சுக்கு வேண்டியபடி மாறி விழுகிறது. அந்தக் கோட்டின்மேல் நான் வெட்டுகிறேன். ஒரு அட்டை முடிய அரைப் பகல் போகிறது. அதனால் கிறிஸ்துமஸ் வேலையை ஆடி மாதமே தொடங்கிவிடுகிறோம். அவசரம் என்பது வீட்டை விட்டுப் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

வலக்கை மட்டும் அசையவேயில்லை. போன ஆடிக்காற்றில் அட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. பாரம் வைக்கக் கல்லைத் தேடினேன். அவர் இடக்கையால் வலக்கையைத் தூக்கி அட்டையின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அட்டை நகரவில்லை. அச்சை ஒற்றினார்.

சாயங்காலம் அவருக்குக் கை கழுவிவிடும்போது பார்த்தேன். இரண்டு கையிலும் சாயம் இருந்தது.